விளையாட்டும் வாசிப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



 தமிழ்ப் பண்டிதர் ஒருவரைப் பேச அழைத்தால் அவர் சிலப்பதிகாரத்தையோ கம்பராமாயணத்தையோ விரித்துரைப்பார் என்று எதிர்பார்த்து வந்தோர் பலர் இருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட விஷயமோ பாண்டியாட்டமும் புளியங்கொட்டையும் பற்றியது. பெரியோர் கூடிய சபையிற் சிறுபிள்ளை விளையாட்டைப் பேசுவது தகுமோ என்று யாமும் ஐயுற்றோம். ஆயினும், காப்பியத்தைச் சுவைப்பதற்கு முன் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிதல் வேண்டுமன்றோ? அடித்தளம் இடாத மாளிகையின் மேல்மாடத்தை எத்துணை அழகாக வருணிப்பினும் அதிற் குடியிருப்பார் இலர். ஆதலின் அடித்தளத்தைப் பற்றியே பேசத் துணிந்தோம். குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.

எமது பிழை

முதலில் எமது பிழை ஒன்றனைச் சொல்லித் தொடங்குவாம். நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகின்றார். அன்னத்தையும் பசுவையும் ஒப்பவர் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் ஒப்பவர் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றை ஒப்பவர் கடைமாணாக்கர். இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். எவ்வளவு நீர் ஊற்றினும் நில்லாது. இப்பகுப்பை யாம் பல்லாண்டுகளாக வகுப்பில் நகைச்சுவையோடு விளக்கி வந்தோம்.

2024ஆம் ஆண்டு ஜூனில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தான் ஒரு சிறுவன். பாடப் புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் வாய் திறவான். ஒருநாள் எமக்குச் சினம் மிக, “நீ இல்லிக்குடம்” என்று வகுப்பில் யாவரும் கேட்கக் கூறிவிட்டோம். மறுநாள் முதல் மற்றைப் பிள்ளைகள் அவனைக் “குடம்” என்றே அழைக்கலாயினர். யாம் அதனைத் தடுத்தோம். ஆயினும் நாவினின்று புறப்பட்ட சொல்லைத் திரும்ப அழைத்தல் யாரால் இயலும்? அரையாண்டு முடிவில் அவன் தந்தையார் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார்.

அன்றைக்குத்தான், அவனைத் தனியே மரத்தடிக்கு அழைத்துச் சென்று, ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு வாக்கியம் எனப் படிப்படியாக வாசிக்கச் செய்து பார்த்தோம். அவனுக்கு எழுத்துக்கள் எல்லாம் தெரிந்திருந்தன. ப என்பான், ட என்பான், ம் என்பான். படம் என்று சேர்த்துச் சொல்ல மட்டும் அறியான். அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, 2020ஆம் ஆண்டு மார்ச்சில், கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புக்கள் 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திறந்தபோது அவன் மூன்றாம் வகுப்பினன். எழுத்தைக் கூட்டக் கற்கும் காலம் அவனுக்கு இடையே விழுந்துபோயிற்று. அதன்பின் அவனுக்குப் பாடம் சொன்ன ஒருவரேனும், யாமும் உட்பட, அவன் எப்படியில் நிற்கின்றான் என்று பார்த்தோமில்லை. ஏணியின் இரண்டாம் படியில் நின்றவனை நோக்கி, ஆறாம் படியில் நின்றுகொண்டு, “ஏறி வா” என்று கூவினோம். அவன் ஏறவில்லை என்று ஏசினோம்.

அவன் இப்பொழுது எப்பள்ளியில் இருக்கின்றான் என்பதை அறியோம். நன்னூலார் கூறியது இலக்கணம் கேட்க வந்த மாணாக்கரைப் பற்றி. எழுத்துக் கூட்டும் பாலகரைப் பற்றியன்று. இந்த வேற்றுமையை உணர எமக்கு இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று. அதன் பின்னரே சனிக்கிழமை தோறும் மாலையில் எம் வீட்டு முற்றத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டு வழியாக வாசிப்புப் பழக்கத் தொடங்கினோம். இனிக் கூறுவன யாவும் அம்முற்றத்திற் கண்டவையே.

முன்னோர் வழியும் பின்னோர் வழியும்

விளையாட்டாலும் செயலாலும் கற்பித்தல் பிற நாட்டிலிருந்து இறக்குமதியான புதுச்சரக்கு என்று எண்ணுவோர் உளர். நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை அவர்கள் மறந்தனர். அங்கே பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாயால் ஒலித்துக் கற்றனர். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இம்மணலெழுத்து முறையைக் கண்டு வியந்து தம் விடுதியிற் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தாய்நாடு திரும்பி 1797இல் அது பற்றி நூலும் வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது என்பதை மறைக்கவேண்டுவதில்லை. பிரம்பை விடுத்து மணலைக் கொள்வது நம் கடன்.

ரோமாபுரியில் மரியா மாண்டிசோரி என்னும் அம்மையார், மருத்துவப் பட்டம் பெற்றவர், 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ஏழைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவி, அவற்றின் ஒலியைச் சொல்லிப் பழகினர். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒருங்கே தொழிற்படும்போது எழுத்து நெஞ்சிற் பதிகின்றது என்பது திண்ணைக்கும் ரோமாபுரிக்கும் பொதுவான உண்மை.

நம் காலத்திற்கு வருவோம். 2003ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-2008இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் என்னும் முறை, பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பகுத்து, ஏணிப்படிபோல் அமைத்தது. ஒவ்வொரு குழந்தையும் தன் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறலாம் என்பது அதன் கருத்து. பின்னர், 2022ஆம் ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டு அரசு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தை ஒன்று முதல் மூன்று வகுப்புக்களுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்து வகுப்புக்களுக்கும் விரித்தது. அதில் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டனர். இப்பெயர்களைக் கேட்டபோது தமிழாசிரியராகிய எம் உள்ளம் குளிர்ந்தது. தலை, இடை, கடை என்றால் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. அரும்பு மலருக்குத் தாழ்ந்ததன்று. அதுவே நாளை மலர். யாமும் அப்பெயர்களையே இங்குக் கையாளுவாம்.

நிலையறிதல்

விளையாட்டுக்கு முன் நிலையறிதல் வேண்டும். வயதையும் வகுப்பையும் கொண்டு இதனை அறிதல் இயலாது. எம் முற்றத்திற்கு வரும் பிள்ளைகளுள் நான்காம் வகுப்பினர் மூவர். அவருள் ஒருத்தி கதை வாசிப்பாள். ஒருவன் சொல் வாசிப்பான். ஒருவன் எழுத்திலேயே தடுமாறுவான்.

நான்கு துண்டுத் தாள்கள் போதும். ஒன்றில் பத்து எழுத்து. ஒன்றில் பத்துச் சிறு சொல். ஒன்றில் நான்கு எளிய வாக்கியம். ஒன்றில் ஒரு சிறு கதை. மும்பையில் 1995இல் தோன்றிய பிரதம் என்னும் தொண்டு நிறுவனத்தாரின் முயற்சியால் 2005 முதல் நாடெங்கும் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் கல்வி ஆய்விலும் வாசிப்பு இவ்வாறே அளக்கப்படுகின்றது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் செல்லும். எழுத்தில் தடுமாறுவோர் அரும்பு. எழுத்தறிந்து சொல்லைக் கூட்டப் பழகுவோர் மொட்டு. வாக்கியமும் கதையும் வாசிப்போர் மலர். இதனைத் தனியிடத்தில், புன்முறுவலோடு செய்தல் வேண்டும். சபையில் வைத்துச் செய்தால் அது பரீட்சையாகிவிடும். பிள்ளை வாய் மூடிக்கொள்ளும்.

அரும்புக்குரிய ஆட்டங்கள்

தமிழெழுத்து 247 என்று சொல்லிக் குழந்தையை அச்சுறுத்துவானேன்? ட, ப, ம என்னும் மூன்றெழுத்தும், மெய்க்குரிய புள்ளியும் அறிந்த அன்றே படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்கள் பிறக்கின்றன. பப்படமும் பிறக்கும், அதைச் சொல்லும்போது குழந்தைகள் நகைப்பர், நகைத்த சொல் மறவாது.

தரையிற் கரிக்கட்டியால் பெரிதாக எழுத்தை வரைந்து, அதன்மீது புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கச் செய்க. எங்கே தொடங்கி எப்பக்கம் வளைந்து எங்கே முடிகின்றது என்பதை விரலே கற்றுக்கொள்ளும். கோலமாவால் எழுத்திடுதலும் இத்தகையதே. தாய்மார்களே! காலையில் வாயிலிற் கோலமிடும்போது அருகே ஓர் எழுத்தைக் குழந்தையின் கையால் இடச்செய்தால், அதுவே ஒரு பாடம்.

மற்றொன்று தட்டாட்டம். தொல்காப்பியர் எழுத்தின் ஒலியளவைக் கண்ணிமைத்தலாலும் கைந்நொடித்தலாலும் அளந்தார். அவ்வளவையே விளையாட்டாக்கினோம். குறிலுக்கு ஒரு கைத்தட்டு, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு ஒலியின்றிக் கைகளைச் சேர்த்தல். ஆசிரியர் கல் என்பார், கால் என்பார், படம் என்பார், பாடம் என்பார், குடை, கூடை, விடு, வீடு, கொடு, கோடு என்று மாற்றி மாற்றிச் சொல்வார். பிள்ளைகள் தட்டிக் காட்டுவர். காதில் வேற்றுமை விளங்கினாலன்றிக் கண்ணில் விளங்காது. துணைக்காலை விட்டுவிட்டு வாசிக்கும் பிள்ளைகள் பலர், இவ்வாட்டத்தைச் சில வாரம் ஆடிய பின் தாமே திருந்தக் கண்டோம்.

மொட்டுக்குரிய ஆட்டங்கள்

மொட்டு நிலையே இடுக்கமான கணவாய். பிள்ளைகள் பெரும்பாலும் தங்கிப்போவது இங்கேதான்; எம் மாணவன் தங்கியதும் இங்கேதான். எழுத்துக்களைத் தனித்தனியே அறிந்தவன் அவற்றை ஒருசேர ஒலிக்கும் பழக்கம் பெறவேண்டும். இதற்கு மிகுதியான பயிற்சி வேண்டும்; மிகுதியான பயிற்சியோ சலிப்பைத் தரும். சலிப்பின்றி ஒன்றையே நூறு முறை செய்விக்கும் ஆற்றல் விளையாட்டு ஒன்றற்கே உண்டு.

எழுத்துக்கூட்டாட்டம்: ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஓர் எழுத்தட்டையைத் தொங்கவிடுக. ஆசிரியர் ஒரு சொல்லைக் கூறியதும், அச்சொல்லுக்குரிய எழுத்துக்கள் ஓடிவந்து முறைப்படி நிற்க வேண்டும். தொலைவில் நிற்கும்போது ஒவ்வொன்றாகவும், நெருங்க நெருங்க விரைவாகவும் ஒலித்து, தோளோடு தோள் சேர்ந்ததும் முழுச்சொல்லாகச் சொல்ல வேண்டும். எழுத்துச் சேர்ந்து சொல்லாவது எங்ஙனம் என்பதைப் பிள்ளை தன் உடம்பாலேயே அறிகின்றது.

அந்தாதியாட்டம்: ஒருவன் சொல்லை எழுத, அதன் ஈற்றெழுத்தால் தொடங்கும் சொல்லை அடுத்தவன் எழுதுவான். பலகை என்றால் கை, கை என்றால் கைவினை, இவ்வாறு செல்லும். மெய்யெழுத்தில் முடிந்தால் அதற்கு முன்னெழுத்தைக் கொள்ளலாம் என்று விதி செய்துகொண்டோம். நம் புலவர்கள் நூறு பாட்டைத் தொடுத்த முறையைக் குழந்தைகள் பத்துச் சொல்லில் தொடுக்கின்றனர்.

மலருக்குரிய ஆட்டங்கள்

வாய் வாசிக்க, மனம் வேறிடத்தில் உலவுதல் மலர்நிலைப் பிள்ளைகளின் குறை. இதனை நீக்கக் கட்டளைச் சீட்டு உதவும். “கதவைத் தொட்டுவிட்டு மூன்று முறை குதி”, “உன்னினும் உயர்ந்தவன் பக்கத்தில் போய் நில்” என்பன போன்ற கட்டளைகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கச் செய்க. பிள்ளை வாய் திறவாது வாசித்துச் செய்துகாட்ட, மற்றையோர் சீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று ஊகித்துச் சொல்வர். பொருள் விளங்கியதா என்று கேட்கவே வேண்டுவதில்லை. உடம்பே விடை கூறும்.

ஒலி வேற்றுமைக்கு மூலையாட்டம் உண்டு. முற்றத்தின் ஒரு மூலையில் புலி, ஒரு மூலையில் புளி எனச் சீட்டை ஒட்டுக. “காட்டில் உறுமுவது”, “குழம்பில் கரைப்பது” என்று குறிப்புக் கூற, பிள்ளைகள் உரிய மூலைக்கு ஓடுவர். கரை, கறை, மனம், மணம், அலகு, அழகு என மாற்றிக்கொண்டே செல்லலாம். லகர ளகர ழகர வேற்றுமையைக் கரும்பலகையில் எழுதி எழுதி யாம் கற்பித்ததைவிட ஓடியோடி இவர்கள் கற்றது மிகுதி.

ஓர் ஆட்டம், மூன்று நிலை

“மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒருவரே எவ்வாறு மேய்ப்பது?” என்று வினவுவீர்கள். ஒரே ஆட்டத்தில் மூவர்க்கும் வெவ்வேறு வேலை வைத்தல் இதற்கு வழி. பாண்டியாட்டத்திற்கு எட்டுக் கட்டம் கீறி ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதுக. சில்லு விழுந்த கட்டத்தின் எழுத்தை அரும்பு ஒலித்துக்காட்டும். மொட்டு அவ்வெழுத்து வரும் சொல்லொன்றை எழுதும். மலர் அச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கும். நொண்டியடிப்பது மூவர்க்கும் பொது.

கடையாட்டமும் அத்தகையது. உப்பு, புளி, கடுகு, மிளகு, சீரகம் எனச் சிறு பொட்டலங்கள் கட்டிப் பெயரொட்டுக. மலர் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டு வாங்க வரும். மொட்டு பட்டியலை வாசித்துப் பொட்டலம் எடுக்கும். அரும்பு முதலெழுத்தைப் பார்த்துப் பொட்டலங்களை அடுக்கி வைக்கும். ஒருவரின்றி மற்றவரால் வியாபாரம் நடவாது. எம் முற்றத்தில் இக்கடை மூடும் நேரம் வந்தால் பிள்ளைகள் முகம் வாடுகின்றனர்.

நான்கு விதிகள்

அனுபவத்தால் அறிந்த விதிகள் நான்கினைச் சுருங்கச் சொல்வாம்.

முதலாவது, தோற்றவனை ஆட்டத்தினின்று வெளியேற்றலாகாது. பல ஆட்டங்களில் தவறியவன் ஓரமாய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது வழக்கு. அதனால் நேர்வது யாது? பயிற்சி எவனுக்கு மிகவும் வேண்டுமோ அவனே முதலில் உட்காருகின்றான். வேண்டாதவன் கடைசிவரை ஆடுகின்றான். தவறியவன் அடுத்த முறையும் ஆடுமாறு விதியை மாற்றிவிடுக.

இரண்டாவது, குழுவின் பெயர் பட்டப்பெயராகிவிடலாகாது. இவன் அரும்பு என்று எள்ளினால், மலர்ப் பெயரும் குடத்தின் பெயராகிவிடும். ஆறு வாரத்திற்கு ஒருமுறை மீண்டும் நிலை பார்த்து மாற்றுக.

மூன்றாவது, ஓராட்டம் பதினைந்து நிமிஷத்திற்கு மேற்படலாகாது. ஆசை தீருமுன் நிறுத்தினால் அடுத்த வாரம் தாமே வருவர்.

நான்காவது, ஆட்டம் முடிந்தபின் சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்து, அவரவர் நிலைக்கேற்ற சிறு ஏட்டை வாசித்தல் வேண்டும். விளையாட்டு வாயில், வாசிப்பே வீடு. வாயிலிலேயே நின்றுவிட்டால் வீட்டினுட் புகுந்ததாகாது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களே! நம் சங்கம் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிக்க மதிப்பெண் பெற்றோர்க்குப் பொற்பதக்கமும் பரிசும் வழங்கி வருகின்றது. சற்று முன்னர் இம்மேடையில் அவர்கள் பெற்றதைக் கண்டு யாமும் கைதட்டி மகிழ்ந்தோம். ஆயின் மலர்ந்த மலருக்கு மாலையிடும் நாம், அரும்பிலேயே உதிர்ந்தவற்றை எண்ணிப் பார்க்கின்றோமா? மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்லும் பிள்ளைக்கு மேடை இல்லை; அவன் பெயரை எவரும் வாசிப்பதில்லை.

ஆதலின் மூன்று வேண்டுகின்றோம். இச்சங்கக் கட்டடத்தின் கூடம் சனிக்கிழமை மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றது. அதனை இரண்டு மணி நேரம் திறந்து தருக. பரிசு நிதியிலிருந்து சிறு பகுதியை அட்டைக்கும் சுண்ணக்கட்டிக்கும் சிறு கதை ஏடுகளுக்கும் ஒதுக்குக, புளியங்கொட்டைக்குச் செலவில்லை. இன்று பரிசு பெற்ற இளைஞர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து மொட்டுக்களோடு ஆடுவார்களாக. மூத்தோன் இளையோனுக்குச் சொல்லிக் கொடுத்தல் நம் திண்ணையின் பழைய முறையன்றோ? மேலும், கூடத்தைத் திறக்குங்கால், நம் வீட்டுப் பிள்ளைகள் என்றும் அயல் வீட்டுப் பிள்ளைகள் என்றும் பாராது, இத்தெருவில் வசிக்கும் பிள்ளைகள் யாவரும் வரலாம் என்று கதவில் எழுதி வைப்போமாக. எழுத்துக்கூட்டாட்டத்திற்கு எழுத்துக்கள் பல வேண்டும். பிள்ளைகள் பலர் சேர்ந்தாலன்றிச் சொல் பிறவாது.

தாய்மார்களே, தந்தைமார்களே! இன்றிரவே வீடு சென்று, உங்கள் குழந்தையை மடியில் அமர்த்தி, ஒரு சிறு கதையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் சினவாதீர்கள். எப்படியில் நிற்கின்றது என்று மட்டும் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். யாம் ஒரு பிள்ளையை இழந்து கற்ற பாடம் இது. நீங்கள் இழவாமலே கற்றுக்கொள்வீர்களாக.